பச்சைக் குட்டையில் மாமா முகம் கழுவிய கதை

எனக்கு ஒரு குறை உண்டு. அழகாக எதையாவது பார்த்துவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். வாய் மட்டும் தானாகப் பேசும். அப்படி ஒருநாள் பேசியதில் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூருக்கு வெளியே, டவுன் சாக்கடை நேராக மருதையாற்றில் போய் விழாமலிருக்க மூன்று குட்டைகள் வெட்டியிருந்தார்கள். சாக்கடைத் தண்ணீர் ஒவ்வொரு குட்டையிலும் சில நாள் தங்கி, வெயிலும் பாசியும் பட்டுத் தெளிந்து, கடைசியில் ஆற்றுக்குப் போகும். அந்தத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் பரிசோதிப்பது என் வேலை. (சொந்தக்காரர்களிடம் அம்மா "தண்ணி ஆபீஸ்ல வேலை" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.)

முதல் குட்டையின் நாற்றம் ஆளைத் தள்ளும். மூன்றாவது குட்டையோ காலை வெயிலில் மரகதமாக மின்னும். ஓரத்தில் கொக்குகள் நடக்கும். மேகம் தண்ணீருக்குள் இறங்கி மெல்ல நகரும். பாட்டிலும் கையுமாக அரைமணி நேரம் அப்படியே நின்றுவிடுவேன்.

அன்றும் நின்றேன். கரைமேல் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் வந்தவரைப் போட்டோவில் பார்த்திருக்கிறேன்: எனக்குப் பேசிவைத்திருந்த கீழப்பழுவூர் மாப்பிள்ளை. முன்னால் அவருடைய அப்பா. பெண் அப்படி என்னதான் வேலை செய்கிறாள் என்று சொல்லாமல் பார்க்க வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் நிழல் தண்ணீரில், கொக்குகளுக்கு நடுவே ஆடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, செத்த மூஞ்சி கழுவிக்கலாமா? பஸ்ஸுல ஒரே புழுதி" என்றார் பெரியவர்.

"கழுவுங்க மாமா. தண்ணி நெறைய கெடக்கு" என்றது என் வாய்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். முகம் கழுவினார். வாய் கொப்பளித்தார்.

"லேசா கரிக்குதே?"

அந்த ஒரு வார்த்தைதான் என்னை மேகத்திலிருந்து இழுத்துக் கரையில் போட்டது.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சம்பந்தமும் பிழைத்திருக்கும். ஆனால் அதில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று தினமும் நோட்டில் எழுதுகிறவளே நான்தானே?

"துப்புங்க மாமா! அது டவுன் சாக்கடை!"

கொக்குகள் மொத்தமும் பறந்தன. மாமா துப்பிவிட்டு நிமிர்ந்தார். "எந்த டவுனு?" என்றார். (வேறு டவுனாக இருந்தால் பரவாயில்லை என்பதுபோல.)

ஓடிப்போய், நான் குடிக்க வைத்திருந்த பானையிலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினேன். சோப்பு கொடுத்தேன். மாப்பிள்ளை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அருவருப்பு என்று நினைத்து அழுதேவிட்டேன். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான், மனிதர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"காய்ச்சல் வருதான்னு ரெண்டு வாரம் பாக்கணும் மாமா."

"பாத்துட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்று முகம் கொடுக்காமல் போய்விட்டார்.

அந்த இரண்டு வாரமும் பயத்தில் காய்ச்சல் வந்து கிடந்தது நான்தான். பதினைந்தாம் நாள் அப்பா பெயருக்கு ஒரு கார்டு வந்தது. "எனக்குக் காய்ச்சல் இல்லை. பெண் எதையும் மறைக்கிற ஜாதியில்லை. தை மாதம் வைத்துக்கொள்ளலாம்."

கல்யாணத்துக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மாமா தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடுவார். நான் தலையாட்டினால்தான் குடிப்பார். அவர் போய்ப் பல வருஷமாகிறது. இப்போதும் எங்கள் வீட்டுப் பந்தியில் உட்காரும் அத்தனை பேரும் டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி என் பக்கம் திரும்புகிறார்கள். நான் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அண்ணி, சீக்கிரம் தலைய ஆட்டுங்க, விக்குது!" என்று கொழுந்தனார் கத்துவார்.