ஒரு சாண்கூட வீணாகக் கூடாது

இடத்தை மிச்சம் பிடிப்பவர் என்று ஒரு ரக மனிதர் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. உங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவார். காப்பியை ஆறவிட்டு உங்கள் சுவரைப் பார்ப்பார். "இந்த மூலை சும்மாதானே கீது?" என்பார். அன்றோடு அந்த மூலைக்கு நிம்மதி போயிற்று. பெரிய வீடுகளில் இவருக்குக் கை ஓடாது. இடம் குறுகினால்தான் யோசனை பெருகும். அதிலும் குளியலறை என்றால், அடடா!

செங்கல்பட்டு நீலமேகம் இந்த ரகத்தில் அசல் சரக்கு. கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை. பஸ்ஸில் போகவர யோசிக்க நேரம் தாராளம். வீட்டுக் குளியலறையோ, கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? குளிப்பார்கள். நீலமேகம் யோசித்தார்.

தலைக்கு மேல் ஒரு பலகை அடித்தார். பலகையில் கொக்கி மாட்டினார். கொக்கியில் வாளியைத் தொங்கவிட்டார். சுவரைக் குடைந்து சோப்புக்கு ஒரு மாடம், சீயக்காய்க்கு ஒரு மாடம், தன் மூக்குக் கண்ணாடிக்குத் தனியாக ஒரு மாடம் வைத்தார். உட்கார்ந்து குளிக்கக் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை போட்டார். அதை இறக்கினால் கதவு திறக்காது, மடக்கலாம் என்று எழுந்தால் மேல்பலகை மண்டையில் இடிக்கும். இடம் மிச்சமாயிற்றா? ஆயிற்று. அந்த இடத்தில் சைக்கிள் டயரும் பெயின்ட் டப்பாவும் கிழிந்த குடைகளும் குடியேறின. கடைசியாக, எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி வந்தது.

"இப்ப பாரு அமிர்தம், ரூம்பு ரெண்டு மடங்கா தெரியுதா இல்லியா?"

"தெரியுது. முன்ன நான் ஒருத்தி இடிச்சிக்கினு குளிச்சேன். இப்ப எதிர்ல இன்னொருத்தியும் இடிச்சிக்கினு குளிக்கிறா" என்றாள் மனைவி அமிர்தவல்லி.

பாவம், அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். கையை உயர்த்தி, ஒரு சொம்புத் தண்ணீரை நிம்மதியாகத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பலகை வந்த நாளிலிருந்து சொம்பு தோளுக்கு மேல் போனதில்லை. சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அடுப்பு மூட்டாமல்கூட இருந்து பார்த்தாள். மனுஷன் அசைந்தால்தானே! கடைசியில் மகள் சொர்ணத்தின் தலை தீபாவளியை நம்பினாள். கருங்குழி மாப்பிள்ளை கேசவன் வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம். அவன் முழங்கை ஒரு தரம் இடிபடட்டும், முகம் ஒரு தரம் சுருங்கட்டும், நீலமேகம் அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். மாப்பிள்ளை என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

தீபாவளியும் வந்தது. தலை நிறைய எண்ணெயோடு கேசவன் உள்ளே போனான். டமார்! அது வாளி. ணங்! அது மண்டை. வாய் "ஐயோ" என்றாலும் அமிர்தவல்லிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பிறகு சத்தமே இல்லை. அடுத்துக் குளிக்க வேண்டிய வீடே எண்ணெய்த் தலையோடு வெளியே நின்றது. நீலமேகம் ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

"மாப்ளே, இன்னா ஆச்சு? அடி கிடி பட்டுதா? ஒரு வார்த்த சொல்லுங்க, அல்லாத்தையும் இப்பவே பேத்து எறிஞ்சிடறேன்!"

அமிர்தவல்லியின் வயிற்றில் பால் வார்த்த பேச்சு!

மடக்குப் பலகை மடங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு கேசவன் நின்றான். எண்ணெய் இன்னும் வழிகிறது. பயல் குளிக்கவே இல்லை! முகத்தில் கோபமா? ஒரே பரவசம்!

"இன்னா மாமா இப்படி வுட்டுட்டீங்க? கதவுக்குப் பின்னால அவ்ளோ எடம் சும்மா கீதே! அங்க ஒரு பலகை அடிச்சா..."

"வாங்க மாப்ளே, அளந்துடலாம்!" என்று நீலமேகம் உள்ளே பாய்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

அமிர்தவல்லி மெல்ல மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி சொர்ணம், உங்க வூட்டு பாத்ரூம் எம்மாம் பெருசு?"

"சின்னதுதாம்மா."

அமிர்தவல்லி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால், கதவுக்குப் பின்னால் என்று கேசவன் சொன்னானே, அப்போது உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எத்தனை சாண் தேறும் என்று மனசுக்குள் அளந்து பார்த்தீர்களா, இல்லையா?