யோவானின் இடது கால்

பொய் சொல்வதென்று முடிவெடுத்துவிட்டால் தரமான பொய்யாகச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் கிளாராவிடம் நான் சொன்ன அத்தனை பொய்யும் பிடிபட்டது. காரணம், எதிலும் கதை இல்லை. இந்த முறை அந்தக் குறை கிடையாது. என்னிடம் 'தென்கோடி' இருக்கிறது.

தென்கோடி என்பது ஐந்து தாடிக்காரர்கள் நடத்தும் ராக் குழு. மற்றவர்கள் பாட்டில் காதலிப்பார்கள், அழுவார்கள், அதோடு சரி. இவர்கள் ஒன்பது நிமிடம் கதை சொல்வார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைக்குக் காவலிருப்பவன், கடலில் விழுந்த எஞ்சினைத் தேடிப் போனவன் என்று பாட்டுக்கொரு ஆள் வந்து, கிட்டாருக்கு நடுவே தன் பாடுகளைச் சொல்லிவிட்டுப் போவான். கொட்டாரத்தில் என் பெயின்ட் கடையில் உட்கார்ந்து பதினோரு வருடமாகப் போனில் கேட்கிறேன். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர்கள் சனிக்கிழமை நாகர்கோவிலில் பாடுகிறார்கள்! இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்று எனக்கு. இன்னொன்று கீரிப்பாறையில் ரப்பர் பால் எடுக்கும் என் சிநேகிதன் யோவானுக்கு.

கிளாராவை ஏன் கூட்டிப் போகவில்லை? நியாயமான கேள்வி. சினிமாவுக்குப் போனால், "இவன் இப்பம் சாவான் பாருங்க" என்பாள். செத்ததும், "நான் சொன்னேம்லா" என்பாள். தென்கோடிக்கு நடுவே இது தாங்காது. போதாததற்கு, வீட்டில் நான் தென்கோடியைப் போட்டால் அவள் உடனே மிக்சியைப் போடுவாள்.

அந்த மிக்சியை நம்பித்தான் 'எஸ்டேட் பஸ்' என்ற பாட்டின் கதையை அப்படியே தூக்கி யோவான் தலையில் வைத்தேன்.

"ஏட்டி, யோவானுக்குக் காலு ஒடிஞ்சு போச்சு, கேட்டியா?"

"அய்யோ மாதாவே! எப்படி?"

"வெளுப்பாங்காலம் இருட்டோட பாலெடுக்கப் போனப்ப காட்டுப்பன்னி குறுக்க சாடிருக்கு. ஆளு ஓடைக்குள்ள விழுந்துட்டான்."

"எந்தக் காலு?"

"எடது."

"மத்தியானம் வர அங்ஙனயே கெடந்தாராக்கும்?"

"பின்னே? விசிலடிச்சு விசிலடிச்சு ஒதடே வீங்கிப்போச்சு."

"விசில் சத்தத்த வச்சு பஸ் டிரைவர் கண்டுபிடிச்சிருப்பாரு, இல்லியா?"

"ஆமா! ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் காட்டுல வேற யாரு வருவா?"

என்ன மூளை! கட்டியவன் என்ற முறையில் பெருமையாக இருந்தது.

"சனிக்கிழம போய்ப் பாத்துட்டு வாறேன்."

"போவாம இருக்கலாமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே யோவான்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் தூக்குவாளியில் கஞ்சியும் நெத்திலிப் புளிமுளக் குழம்பும் தயாராக இருந்தன.

"நோயாளியப் பாக்கப் போறப்ப இப்படியா கறுப்புச் சட்ட? கழத்துங்க" என்று வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். வாசலில் அவள் தம்பி ரெனிஷ் பிக்கப் வண்டியோடு நின்றான்.

"இவன் கீரிப்பாறைக்குத்தான் ரப்பர் ஷீட்டு ஏத்தப் போறான். யோவான் அண்ணன் வீட்டு நடையிலயே எறக்கி விடுவான்."

நாகர்கோவில் மைதானத்தைத் தாண்டும்போது மேடையில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ரெனிஷ், இங்க எறக்கி விடு மக்கா. கொஞ்சம் ஆப்பிள் வாங்கிட்டு பஸ்ல போயிக்கிடுதேன்."

"ஆப்பிள் அக்கா தந்து விட்டிருக்கா, அத்தான்."

அப்போதுதான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். காலி. டிக்கெட் இரண்டும் கறுப்புச் சட்டையில் இருந்தன. வண்டி மலையேறியது.

யோவானின் மனைவி நேசபாய் கதவைத் திறந்து என்னையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணன் இங்க என்ன செய்யுதிய? ஒங்ககூட பாட்டு கேக்கப் போறதாச் சொல்லிட்டு மத்தியானமே போனாவளே!"

பதில் யோசிப்பதற்குள் யோவானின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். கிளாரா பேசினாள்.

"போய்ச் சேந்தாச்சா? கஞ்சி ஆறதுக்குள்ள குடிச்சிருங்க."

"ஏட்டி, நீ எங்க நிக்க?"

"மொத வரிசையில. யோவான் அண்ணன் மைதானத்து வாசல்ல ஒங்களத் தேடிட்டு நின்னாரு. பாவமா இருந்துது, கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"ஒனக்குத்தான் இவங்க பாட்டே பிடிக்காதே! மிக்சி போடுவியே!"

"நீங்க கூடவே பாடுவியள்லா? அது காதுல விழாம இருக்கத்தான் மிக்சி. நீங்க கடைக்குப் போன பெறவு ஒண்ணு விடாம உக்காந்து கேப்பேன். செரி, 'எஸ்டேட் பஸ்' ஆரம்பிக்கப் போறாங்க. யோவான் அண்ணன் ரெண்டு காலாலயும் ஆடிட்டு நிக்காரு. போன ஒசத்திப் பிடிக்கேன், நீங்களும் கேளுங்க."

நல்ல மனசுக்காரி. முதல் கிட்டார் வந்தது. ஓடையில் விழுந்த அந்த மனிதன் என் காதுக்குள்ளேயே கதை சொல்ல ஆரம்பித்தான். கோபம், வெட்கம், கஞ்சி எல்லாம் மறந்துபோயிற்று. சந்தோஷம் தாங்காமல் நானும் சேர்ந்து பாடினேன்.

கட் பண்ணிவிட்டாள்.