கமாண்டு அக்கா மவுஸ் பிடித்த கதை

பொதிகையில் தாமிரபரணி இறங்குகிற இடத்திலிருந்து அது கடலில் போய்ச் சேருகிற இடம் வரைக்கும் தேடிப் பாருங்கள், கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கிய ஆள் ஒருத்தர்தான். அவர் எங்கள் கமாண்டு அக்கா. மற்றவர்களெல்லாம் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை. அக்கா அங்கே ஆபரேட்டர், நான் பிழை திருத்துகிறவன். அந்தக் கடையில் வேலை பார்த்தேன் என்பதை இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்லுவேன்.

அக்காவுக்கு டாஸ்தான் குலதெய்வம். மவுஸ் வருவதற்கு முந்திய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை, அதில் மினுக் மினுக்கென்று ஒரு கோடு. கமாண்டு, அதாவது கட்டளையைச் சரியாக அடித்தால் வேலை நடக்கும். இந்தப் பழக்கம் அவருக்கு மனிதர்களிடமும் தொற்றிக்கொண்டது. "கதவு!" என்றால் சாத்த வேண்டும். "செருப்பு!" என்றால் கழற்ற வேண்டும். முதலாளி அண்ணாச்சியே ஒருநாள் செருப்போடு கம்ப்யூட்டர் இருந்த ஏ.சி. ரூமுக்குள் காலை வைத்துவிட்டு, "வெளிய!" என்று வந்த சத்தத்தில் படிக்கட்டு வரை இறங்கிப் போய்விட்டார். பாதிப் படியில்தான் கடை தன்னுடையது என்று அவருக்கு ஞாபகம் வந்ததாம்.

"டாஸ் மாதிரி மரியாத தெரிஞ்சது உலகத்துல கெடையாதுலே," என்பார் அக்கா. "நாம கேக்காம அது வாயத் தொறக்காது. தப்பா கேட்டா, தப்புன்னு ஒரு வரி சொல்லும். அதோட சரி. எந்த மாப்பிளைக்குலே இந்தக் குணம் இருக்கு?"

அக்கா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அதன்பிறகு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோது எதிர்ச் சாரியில் ஒரு கடை முளைத்தது. 'விண்டோஸ் வசதி உண்டு' என்று வாசலில் போர்டு. எங்களிடம் வந்தால் திரையில் தெரிவது எல்லாம் குறியீடுதான், பத்திரிகை எப்படி இருக்கும் என்று தாளில் அடித்த பிறகே தெரியும். அங்கேயோ, திரையிலேயே முழுப் பத்திரிகை தெரியும். எங்கள் ஊரில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஏராளம். அச்சாகும் முன்பே பார்த்துவிடலாம் என்றால் விடுவார்களா? வேன் பிடித்து எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அண்ணாச்சி கடன்காரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு விண்டோஸ் மெஷினை வாங்கி இறக்கினார். "ஏம்மா, தை மாசப் பத்திரிக பூராவும் இதுலதான். ஒனக்குச் சரிப்படாதுன்னா எதிர்க்கடை ஆபரேட்டரு வாரேங்கான். பெறவு ஒன் சேர்ல அவந்தான் உக்காருவான்."

அந்தச் சேரை நீங்கள் பார்த்ததில்லை. பிரம்பு பின்னிய நாற்காலி, அதற்கு நாங்குநேரியில் இருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மெத்தை. அக்காவைத் தவிர அதில் ஈ உட்காராது.

அன்றைக்கு ஆரம்பித்தது பாடு. மவுஸை இழுத்துக்கொண்டே போய் மேசை விளிம்பில் நின்று, "மேச முடிஞ்சு போச்சுலே, இனி எங்கன போக?" என்றார். தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்று நான் சொன்னபோது, "இத மொதல்லயே சொன்னா என்ன, சவத்து மூதி!" என்று எனக்குக் கிடைத்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த விரல் அது. டபுள் கிளிக் என்று தட்டினால் தண்ணீர் டம்ளர் குதிக்கும். பழைய டாஸ் பத்திரிகை ஒன்றை விண்டோஸில் திறந்தோம். எழுத்துக்குப் பதில் பூச்சி பூச்சியாக என்னவோ வந்தது. "மாப்பிளைய எறும்பு தின்னுட்டுலே!" என்று அலறினார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவருக்குப் பொறுக்க முடியாதது ஒன்றுதான். வேலையை மூடப் போனால் ஒரு பெட்டி வந்து நிற்கும். செய்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா, வேண்டாமா என்று கேட்கும்.

"மூடுன்னா மூட வேண்டியதுதானே? வச்சுக்கிடவா, விட்டிரவான்னு என்ன கேள்வி? நான் என்ன வெளையாட்டுக்கா சொன்னேன்?" என்று கோபத்தில் 'வேண்டாம்' என்பதில் ஓங்கித் தட்டினார். காலையில் இருந்து செய்த வேலை மொத்தமும் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா யாரையும் அதட்டவில்லை. "ராணி மாரி இருந்த எடம்லே இது," என்றார் பைய. "இப்ப எல்லாரும் பாக்க மேசையத் தடவிக்கிட்டு இருக்கேன்." கடை எக்கேடும் கெட்டுப் போகட்டும், அந்தச் சேரில் வேறொருவன் உட்காரக் கூடாது என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

தை பிறந்ததும் கல்லிடைக்குறிச்சியில் இருந்து வேன் நிறைய ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பெரிய ஆர்டர். இது கைவிட்டுப் போனால் அக்காவும் போனார் என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி கதவோரம் நின்று திருநீற்றை இன்னொரு தரம் பூசிக்கொண்டார்.

திரையில் பத்திரிகை விரிந்தது. பெண்ணின் அப்பா எழுதிக் கொடுத்தபடி அக்கா அடித்திருந்தார். பெண்ணின் தாய்மாமன் எட்டிப் பார்த்தார். அவர் பெயர் கீழ் மூலையில், இன்னும் கொஞ்சம் இறங்கினால் எங்கள் கடைப் பெயரில் முட்டும் என்கிற மாதிரி கிடந்தது. வயல் வரப்புத் தகராறில் அப்பாவுக்கும் மாமனுக்கும் வெகுநாளாக ஆகாது.

"எம் பேரையே எடுத்திருங்க அத்தான். கல்யாணத்த நீங்களே நடத்திக்கிடுங்க," என்று மாமன் துண்டை உதறினார்.

"எய்யா, தம்பி, போகாதய்யா," என்று பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்பாவோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அக்கா சேரை விட்டு எழுந்தார்.

"உக்காருங்க," என்றார் மாமனிடம். பழைய அதட்டல். அந்த மனிதர் தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து மவுஸ் மேல் வைத்து, "ஒங்க பேரு, ஒங்க கை. எங்கன வேணுமோ அங்கன நீங்களே வைங்க. பைய இழுங்க," என்றார்.

மாமன் கோபத்தில் இழுத்த இழுப்பில் அவர் பெயர் விர்ரென்று மேலே ஏறி, மாப்பிள்ளை பெண்ணையெல்லாம் தாண்டி, உச்சியில் போய் நின்றது.

"பிள்ளையாருக்கும் மேல போயிட்டியளே!" என்றார் அக்கா.

குடும்பமே சிரித்தது. அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்தார். மாமனுக்கு வெட்கமாகிவிட்டது. பெயரைப் பைய இறக்கிக்கொண்டே வந்து, பெண்ணின் அம்மா பெயருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "எங்க அக்கா பக்கத்துல இருந்தாப் போதும். சின்னதாவே இருக்கட்டும்."

எல்லோரும் மூச்சு விட்டோம். அந்த நேரம் பார்த்து விண்டோஸ் மூச்சை நிறுத்தியது. அம்புக்குறி அசையவில்லை. எதைத் தட்டினாலும் ம்ஹூம். அணைத்துப் போட்டால், மாற்றியது எதுவும் தங்கவில்லை, மாமன் பெயர் பழையபடி கீழ் மூலையில் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால், பெண்ணின் அப்பா மவுஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "மச்சான் பேரு அங்கனதானே இருந்துச்சு?" என்று தானே இழுத்துக்கொண்டுபோய் மனைவி பெயருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, "இதக் கொஞ்சம் பெருசாக்க முடியுமாம்மா?" என்றார்.

முடியாதா பின்னே! ஆக்கினார் அக்கா. எதிர்க்கடை ஆபரேட்டர் அப்புறம் எங்கள் கடைக்கு வந்தான், அக்காவிடம் வேலை கற்றுக்கொள்ள. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான். "சள்ள பிடிச்சதுதாம்லே விண்டோஸு," என்பார் அக்கா என்னிடம். "ஆனா நாலு பேரப் பக்கத்துல உக்கார வைக்குது, பாத்துக்கோ."

என் கல்யாணப் பத்திரிகைக்கு நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா எழுந்து நின்று, "உக்காருலே, நீயே வை," என்றார். அந்தச் சேரில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. என் அப்பா அம்மா பெயருக்கு அடுத்தபடியாக, 'தமக்கை: கமாண்டு அக்கா' என்று அடித்தேன்.

"ஏ கோட்டிக்காரா, ஒன் சொந்தக்காரங்க ஏசமாட்டாவளா? எந்திரி!" என்று என்னை இழுத்துத் தள்ளிவிட்டு, அக்கா அதை அப்படியே மூடப் போனார். அந்தப் பெட்டி வந்து நின்றது. வைத்துக்கொள்ளவா, வேண்டாமா?

அன்றைக்கு அக்கா அதை ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மவுஸைப் பைய நகர்த்தி, வைத்துக்கொள் என்பதில் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கதவு!" என்றார்.

கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் எழுந்துபோய், அக்கா கண்ணைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.