சென்னியப்பனின் சிவந்த கண்

காலையில் பல் துலக்கும்போது சென்னியப்பன் கண்ணாடியில் தன் வலது கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழியில் பாதி ரத்தமாய்ச் சிவந்து கிடந்தது. வலியில்லை, உறுத்தலில்லை, பார்வையிலும் குறையில்லை. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். இவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

காரணம் மனைவி ராசாத்தாள். மகள் மோகனப்பிரியா பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போனதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு மாதம் என்று பீளமேட்டில் அவள் வீட்டுக்குப் போனவள். ஐந்து மாதமாகிவிட்டது. சோமனூரில் தறி ஓடும் குடோனும் சென்னியப்பனும் தனியாக இருந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மெஸ் இருக்கிறது. ஆனால் எதிரில் உட்கார்ந்து, "மெதுவாத் தின்னுங்க, யாரு தொரத்தறா?" என்று அதட்ட ஆளில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் போய்த் தங்குவது மரியாதையில்லை. "நீயில்லாம இருக்க முடியல, வந்துரு" என்று சொல்லிவிடலாம்தான். முப்பத்தோரு வருடத்தில் அப்படியொரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. இந்தச் சிவந்த கண்ணைப் பார்த்தால் அவளே ஓடி வருவாள் என்று கணக்குப் போட்டார்.

கண்ணைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். இரண்டாவது நிமிடம் மகள் கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா, மெட்ராஸ் ஐ-யா? அம்மா அந்தப் பக்கமே வரக்கூடாது. கொழந்தைக்கு ஒட்டிக்கும்!"

"ஒட்டற நோவில்ல கண்ணு..."

"நீங்க என்ன டாக்டருங்களா? செரியாகற வரைக்கும் நீங்களும் இங்க வந்துராதீங்க."

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரனைப் பார்க்கும் சாக்கில் அரை மணி நேரம் ராசாத்தாளைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது அதுவும் போச்சு.

பதறிப்போய் பஸ் ஏறினார். மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கண் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டர் சசிதர் விளக்கடித்துப் பார்த்தார்.

"கனமா எதாச்சும் தூக்குனீங்களா?"

"நேத்து தறிக்கு நூல் சுத்துன பீம் தூக்குனேனுங்க."

"அதான். மேல இருக்கற சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு வெடிச்சிருக்கு. பாக்கத்தான் பயங்கரம். ரெண்டு வாரத்துல தானா மறைஞ்சிரும். பிரஷர் மட்டும் ஒருக்கா பாத்துக்கங்க."

"மெட்ராஸ் ஐ இல்லீங்களா?"

"அதுன்னா உறுத்தும், பூளை தள்ளும், காலைல இமை ஒட்டிக்கும். இது யாருக்கும் ஒட்டாது."

வெளியே வந்ததும் ராசாத்தாளின் பட்டன் போனுக்கு அடித்தார்.

"ஒட்டாதாமா, அம்மணி. தானாச் செரியாயிருமாமா."

"ஒண்ணுமில்லாத கண்ணுக்கு நான் என்னன்னு சொல்லிட்டு வாரதுங்க?" என்று வைத்துவிட்டாள்.

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். ஒட்டினால் அவள் வரக்கூடாது. ஒட்டாவிட்டால் வரத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நோய் கிடைத்தால் தேவலை. மறுபடி உள்ளே நுழைந்தார்.

"டாக்டர், ஒட்டவும் கூடாது, ஆனா கூட ஒரு ஆளு இருந்து பாக்கோணும். அப்படி எதாச்சும் இருக்குதுங்களா?"

இப்படிக் கேட்டு வந்த நோயாளியை டாக்டர் அதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் மறுபடி விளக்கடித்தார். "இடது கண்ணுல மூக்கோரமா சதை வளர்ந்திருக்கு. வெயில்லயும் தூசியிலயும் இருக்கறவங்களுக்கு வரும். இப்பத்தான் கருவிழி ஓரத்தத் தொட்டிருக்கு. பார்வைய மறைக்கற அளவுக்கு ஏறுனா ஆபரேஷன் பண்ணலாம். இப்பத்திக்கு வேண்டாம்."

கடைசி வார்த்தைகளை சென்னியப்பன் காதில் வாங்கவில்லை. ஆபரேஷன் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, போனைப் போட்டார்.

"ராசாத்தா, கண்ணுல சதை வளந்துருக்குதாமா! ஆபரேஷன்ங்கறாங்க!"

"இடது கண்ணுல, மூக்கோரமா, முக்கோணமா இருக்குமே, அதுங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஆறு வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கறேன். அது ஒரு நெல்லளவுகூட நகருலீங்க. அதுக்கெல்லாம் யாரு என்னைய உடுவா? போயி நேரத்துக்குச் சாப்பிடுங்க."

தன் கண்ணில் இருப்பதை அவரே கவனித்ததில்லை. ஆறு வருடமாக ஒருத்தி கவனித்திருக்கிறாள். அவளை இப்போதே பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவளுக்கு அங்கே பேரன், மகள், மாடி வீடு. தறிச் சத்தத்துக்கு நடுவில் இந்தக் கிழவன் எதற்கு? ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே அழுதார். சிவக்காமல் இருந்த இடது கண்ணும் சிவந்துபோனது.

"ஐயா, கண்ணக் கசக்காதீங்க" என்றாள் கவுண்டரில் இருந்த யுஸ்ரா. "ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்புல அனுப்பறேன். நம்பர் சொல்லுங்க."

சொன்னார். யுஸ்ரா கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு பேரு இருக்குதுங்களே. ராசாத்தாள், சோமனூர்."

சென்னியப்பன் பதறி எழுந்தார். "என்ர சம்சாரமுங்க! அவ கண்ணுக்கு என்னாச்சு?"

"கண்ணு பளிச்சுனுதான் இருக்குதுங்க ஐயா. பேரனுக்கு ஒட்டிக்கும், இந்தம்மாவ ஒடனே சோமனூருக்கு அனுப்பிப்போடுங்கன்னு மகளுக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லி, இந்த மாசத்துல மட்டும் மூணு தடவ வந்துட்டாங்க!"