ரகசியத்தின் ஆகாய விமானம்

தர்மபுரி மாவட்டத்திலேயே அவரைப்போல் உரத்துப் பேசியவர் கிடையாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரகசியம்’.

பட்டாளத்தில் விமானத் தளத்து லாரி ஓட்டிவிட்டு, அறுபதுகளின் கடைசியில் பாலக்கோட்டில் எங்கள் ஆபீசுக்கு ஜீப் டிரைவராக வந்தவர். இன்ஜின் இரைச்சலில் பாதிக் காது போயிருந்தது. நம் பக்கம் குனிந்து, “ரகசியமுங்க, வெளிய சொல்லிராதீங்க” என்று அவர் கிசுகிசுத்தால் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் இருந்த ரகசியம் ஒன்றே ஒன்றுதான். “அமெரிக்காக்காரன் ஒரு பிளேனு கட்டறானுங்க. போறப்ப ராக்கெட்டு, வரப்ப பிளேனு. உள்ள பட்டாளத்து ஆளுங்க. ஒலகத்துல ஒருத்தனுக்கும் சொல்ல மாட்டான்.”

“உமக்கு மட்டும் எப்படிய்யா சொன்னான்?” என்றார் மேனேஜர்.

“எங்க சொன்னான்? ரேடியோவுல நானா ஒட்டுக் கேட்டதுங்க.”

சிரிப்பு மேனேஜருக்கு, வெட்கம் எனக்கு. ஆபீசில் அவருடைய சிநேகிதன் என்று பெயர் வாங்கியவன் நான் ஒருவன்தான். அவர் பேச்சைக் கேட்டு யார் தலையில் அடித்துக்கொண்டாலும், “உங்க ஆளு என்ன சொல்றாரு?” என்று என்னைத்தான் கேட்பார்கள்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரியை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனோம். அவர் பரிசலில் ஏறிப் போனதும் ரகசியம் கரையில் தட்டையான கல்லாகப் பொறுக்கினார். “இங்க பாருங்க சார். மேல இருந்து நேரா எறங்கினா எரிஞ்சு போயிரும். அதனால காத்து மேல இப்பிடித் தத்தித் தத்தி வரோணும்” என்று வீசினார். கல் தத்தியது. மறுபடி தத்தியது. மூன்றாவது தத்தலில் அதிகாரியின் மடியில் போய் விழுந்தது.

“லேண்டிங் பாத்தீங்களா!” என்று ரகசியம் கைதட்டினார். அதிகாரி பதறி எழுந்ததில் பரிசல் சாய்ந்து, இடுப்புவரை நனைந்து கரையேறினார். மீன் வறுக்கிற அம்மாவிடம் துண்டு கடன் வாங்கி, அவர் வேட்டியைப் பிழிந்தவன் நான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அவரை நான் பெண் பார்க்க அழைத்துப் போனேனே, அதற்கு என்ன சொல்ல! எனக்குப் பெற்றோர் இல்லை. சொந்தக்காரர்கள் திருச்சிப் பக்கம். பெரியவராக ஒருவர் கூட வராவிட்டால் நன்றாகவா இருக்கும்? “நான் வாரேனுங்க” என்று காக்கியை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மாரண்டஹள்ளியில் பெண்ணின் அப்பா தக்காளி வியாபாரி. வரனைச் சொன்ன பங்குச் சாமியாரும் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்தார். “பையன் எப்பிடிங்க?” என்று ரகசியத்திடம் கேட்டார் பெண்ணின் அப்பா. ரகசியத்தின் பார்வை முற்றத்தில் அடுக்கியிருந்த கூரை ஓடுகள் மேல் இருந்தது.

“ஓட்டைப் பாத்ததும் ஞாபகம் வருதுங்க. ரகசியம்...” என்று ஆரம்பித்தார். அந்த விமானத்தின் வயிற்றில் ஓடு ஒட்டுகிறார்களாம். வெளியே நெருப்பாய்க் கொதித்தாலும் உள்ளே இருப்பவனுக்குச் சூடு தெரியாதாம்.

“ஓடா? பிளேனுக்கா?” என்று பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் வினை. ரகசியம் ஒரு ஓட்டை எடுத்துக்கொண்டு நேரே சமையலறைக்குள் போனார். காப்பிக்கு வைத்திருந்த பாலை இறக்கிவிட்டு, அடுப்பின் மேல் ஓட்டை வைத்தார். “எல்லாரும் வாங்க! கீழ தீ, மேல குளுகுளுன்னு இருக்கும்” என்று உள்ளங்கையை அதன்மேல் பதித்தார்.

அலறல் முதலில் வந்தது. அடுத்து ‘படார்’. ஓடு வெடித்து, சாம்பல் பறந்து கேசரியில் பாதியும் சாமியார் அங்கியில் மீதியும் படிந்தது. பெண்ணை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை. தலை நிமிர்ந்தால்தானே பார்ப்பதற்கு!

திரும்புகிற பஸ்ஸில் கையை வாழையிலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிச்சந்தை தாண்டியதும், “கெடுத்துட்டனுங்களா சார்?” என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் சம்மதம் என்று சேதி வந்தது. எப்படி வந்தது என்று கல்யாணத்துக்கு அப்புறம் என் மனைவிதான் சொன்னாள்.

மறுநாளே ரகசியம் தனியாக அங்கே போயிருக்கிறார். வீட்டுக்குள் கூப்பிட்டும் போகவில்லை. வாசலில் நின்றே பேசியிருக்கிறார்.

“பையன் தங்கமுங்க. கிறுக்கன் நான்தான். கூட வர ஆளில்லாம என்னைக் கூட்டியாந்துட்டாரு. அந்தப் பிளேனு, ஓடு, ஒண்ணும் நெசமில்லீங்க. அத்தனையும் நான் விட்ட புருடா.”

மேனேஜர் மிரட்டியும், அதிகாரி மெமோ கொடுத்தும், ஊரே சிரித்தும் விட்டுக்கொடுக்காத விமானத்தை, எனக்காக ஒரு வாசலில் நின்று பொய் என்று சொல்லியிருக்கிறார். என்னிடம் அதைப்பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் விமானத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. என்ன கேட்டாலும், “வண்டிக்குத் தண்ணி ஊத்தோணுங்க” என்று எழுந்து போய்விடுவார்.

சில வருஷம் கழித்துப் பேப்பரில் ஒரு படம் வந்தது. பெரிய விமானத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்தபடி, மழுங்கிய மூக்கோடு இன்னொரு விமானம். ராக்கெட்டாகப் போய் விமானமாக இறங்குமாம். வயிற்றில் ஓடு ஒட்டப் போகிறார்களாம். பட்டாளத்துக்கும் அதில் பங்கு உண்டு என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

என் மகனின் ஞானஸ்நான விருந்தில் மாமனார் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த ரகசியத்தின் எதிரே போய் நின்றார்.

“டிரைவரே, நீங்க சொன்னது நெசந்தான் போலிருக்குது. அந்த ஓட்டு சமாச்சாரம் என்னன்னு இப்பச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

ரகசியம் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “வேண்டாமுங்க. சாரோட மானம் போயிரும்.”

“போனாப் போவட்டுமுங்க” என்றேன் நான். “நல்லா சத்தமாச் சொல்லுங்க.”

பிரியாணி ஆறிப்போகும்வரை பேசினார்.