பளபளத்த இலைகள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பிய இஸ்ரவேல், பால்கனியைப் பார்த்ததும் பதறிப் போனார். தட்டில் வரிசையாகப் பரப்பியிருந்த குண்டு குண்டு இலைகள் அத்தனையும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன.

"இன்னா இது? சரக்கு பூராவும் பூத்துப் போச்சே."

"சரக்கு இல்லப்பா, சக்குலண்ட். இலையிலயே தண்ணி சேத்து வெச்சிக்கிற செடி," என்றாள் ஏழாவது படிக்கும் மகள் கிறிஸ்டினா. "எதிர்வீட்டு அம்பரீன் ஆன்ட்டி குடுத்த செடிலேர்ந்து பிச்சோம். ஒவ்வொரு இலையும் வேர் விட்டுத் தனிச் செடியாவும். ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு."

"நானுந்தான் பிச்சேன்," என்றான் மூன்றாவது படிக்கும் தம்பி ஜோசுவா.

எக்ஸிபிஷன் இருப்பது இஸ்ரவேலுக்கு முன்பே தெரியும். அவருக்குத் தெரிந்ததால் ஆம்பூருக்கே தெரியும். தோல் ஃபேக்டரியில் அவர் ஃபினிஷிங் சூப்பர்வைசர். அவருடைய உள்ளங்கை தடவிப் பார்க்காத தோல் கப்பல் ஏறியதில்லை. ஐரோப்பாக்காரர்கள் நிமிர்ந்து நடப்பதே தம்மால்தான் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து. கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எக்ஸிபிஷனில் முதல் பரிசு தம் மகளுக்குத்தான் என்று அறிவித்திருந்தார்.

"வர்லேன்னா?" என்று கேட்டார் உடன் வேலை பார்க்கும் கவுஸ் பாஷா.

"வர்லேன்னா அன்னிலேர்ந்து என்னை இஸ்ரவேல்னு கூப்பிடாத. ரிஜெக்ட்டுன்னு கூப்பிடு."

கேன்டீன் மொத்தமும் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவர் கண்ணெதிரே இலை பூத்துக் கிடந்தால் எப்படி? தோல் மேல் வெள்ளை பூத்தால் வெளிநாட்டுக்காரன் கண்டெய்னரையே திருப்பி அனுப்பிவிடுவான். இஸ்ரவேல் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஃபிளானல் துணியை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகத் துடைத்துத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் முகம் பார்த்து மீசை ஒதுக்கும் அளவுக்குப் பளபளக்க வைத்துவிட்டார்.

வேலூர்ப் பக்கத்து வெயில் அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டதோ என்னவோ, சில நாளில் இலைகள் பொரித்த அப்பளமாகிவிட்டன.

"அண்ணா, அந்த வெள்ளதான் அதுக்குக் குடை," என்றாள் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அம்பரீன். "அதப் போயி தொடச்சிட்டீங்களே."

கிறிஸ்டினா அழுவாள் என்று இஸ்ரவேல் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. கருகிய இலைகளைப் பேப்பர் கப்பில் போட்டுப் பத்திரமாக எடுத்து வைத்தாள். "டீச்சர்கிட்ட ஒரு டவுட் கேட்டுட்டு வர்றேன்" என்று அம்மாவின் போனோடு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் தனி ஒளி.

"அடுத்து இன்னாப்பா பண்ணுவ?"

இஸ்ரவேல் உருகிப் போனார். எத்தனை நம்பிக்கை. டாக்டர் பெற்ற பிள்ளைகள்கூட அப்பனை இப்படிப் பார்ப்பதில்லை.

செடியிலிருந்து புதிதாகப் பிய்த்த இலைகளைக் கிறிஸ்டினா பிய்த்த முனை உலரட்டும் என்று காகிதத்தில் பரப்பியிருந்தாள். இஸ்ரவேலுக்குப் பொறுக்கவில்லை.

"காஞ்சு கெடக்குது பாரு. காஞ்ச தோல நாங்க மொதல்ல தண்ணில ஊறப் போடுவோம். அப்பதான் உயிர் வரும்."

பக்கெட்டில் ஊறிய இலைகளுக்கு உயிர் வரவில்லை, ஜவ்வரிசிப் பாயசத்தின் பதம் வந்தது. எடுக்கப் போன விரலில் பாதி ஒட்டிக்கொண்டது.

"அழுகுதா? நம்மகிட்டயா?" என்று மீதி இலைகளை முறத்தில் கொட்டிக் கல்லுப்பைப் போட்டுப் புரட்டினார். "பச்சத் தோல் அழுகாம லாரில எப்படி வருது? எல்லாம் உப்புதான்."

மனைவி ஹெலன் சமையலறையிலிருந்து தலை நீட்டினாள். "இன்னாங்க, மொளகாத்தூளும் எடுத்தாரட்டா? ஊறுகா முழுசா முடிஞ்சிரும்."

அழுகல் நின்றது உண்மை. ஆனால் இலைகள் உலர்ந்த திராட்சையாகச் சுருங்கிவிட்டன. சுருங்கியதற்கும் இஸ்ரவேலிடம் வைத்தியம் இருந்தது. சுருங்கிய தோலைச் சட்டத்தில் இழுத்துப் பிடித்து விரிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பரீட்சை அட்டையில் இலைகளை வைத்து, ஜோசுவா ஒவ்வொன்றாக நீட்டிய துணி கிளிப்புகளால் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்தார். ஒவ்வொன்றும் இரண்டாகக் கிழிந்து விடுதலை பெற்றது.

"அடுத்து இன்னாப்பா?" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் கிறிஸ்டினா.

அடுத்து ஒன்றுமில்லை. தாய்ச்செடி மொட்டைக் குச்சியாக நின்றது. மகள் ஒவ்வொரு தோல்வியையும் தனித்தனிக் கப்பில் சேர்த்து வைப்பதைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே குழியில் புதைக்கப் போகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார் இஸ்ரவேல். ஊர் தம்மை ரிஜெக்ட் என்று கூப்பிட்டால் பரவாயில்லை, ஸ்கூலில் பிள்ளை வெறுங்கையோடு நிற்கக்கூடாது.

எக்ஸிபிஷன் அன்று யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரிக்கே போனார். நர்சரியில் இருப்பதிலேயே கொழுத்த சக்குலண்டாகப் பார்த்து வாங்கினார். அதன்மேல் பூத்திருந்த வெள்ளையைப் பார்த்துக் கை பரபரத்தது. இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, கடைக்காரரையே பையில் வைக்கச் சொன்னார்.

ஸ்கூல் ஹாலில் கால் வைத்தால், கவுஸ் பாஷா ஃபேக்டரியின் பாதி செக்ஷனைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

"இன்னா தோஸ்த், பேர மாத்திக்க ரெடியா?"

"நீ வாய மூடிக்கினு வா."

கிறிஸ்டினாவின் மேஜையைச் சுற்றி ஈ நுழைய இடமில்லை. தோளால் இடித்துப் பிளந்துகொண்டு முன்னே போனார் இஸ்ரவேல். கருகியது, கூழானது, உப்பில் சுருங்கியது, கிழிந்தது என்று அத்தனை பிணங்களையும் குழந்தை வெகுளியாகக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஏதோ எழுதியிருந்தது. அதை நின்று படிக்கும் மனநிலையா அது? பையிலிருந்து செடியை எடுத்து மேஜையின் நட்டநடுவில் வைத்தார்.

"எங்க வீட்ல வளந்தது, மேடம்," என்றார் சயின்ஸ் டீச்சர் குர்ஷித்திடம். "இலையிலேர்ந்து. பசங்களே வளத்தது."

ஜோசுவா வாயைப் பிளந்தான். கிறிஸ்டினா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கவுஸ் பாஷா மட்டும் கீழே எழுதியிருந்ததைக் குனிந்து படித்து, தோள் குலுங்கத் தொடங்கியிருந்தார்.

டீச்சர் கையிலிருந்த சிவப்பு ரிப்பனோடு இஸ்ரவேல் பக்கம் திரும்பினார்.

"சார், உயிரோட இருக்கறத மட்டும் கொஞ்சம் எடுத்துடுங்க, 'ஒரு செடி எப்படியெல்லாம் சாகும்'ங்கறதுதான் உங்க பொண்ணோட தலைப்பு, ஃபர்ஸ்ட் பிரைஸும் அதுக்குத்தான்."