ஆர்த்துரோவுக்குச் சளி

"ஸ்ஸ்ஸ்... டக். ஸ்ஸ்ஸ்... டக்."

ரொஹேலியோ தையல் மெஷினை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. எண்ணெய் போடாத மெஷின்தான் இப்படி இழுக்கிறது என்று காலையிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தான். இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தான். ஜன்னல் திரைக் கம்பியின் மேல் ஆர்த்துரோ வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தான். மூக்கில் ஒரு குமிழி வந்தது, உடைந்தது, மறுபடியும் வந்தது.

"அடப்பாவி, இன்னிக்கா?" என்றான் ரொஹேலியோ.

ஆர்த்துரோ ஓர் இகுவானா. உடும்புக்குப் பச்சைச் சட்டை தைத்துப் போட்ட மாதிரி இருப்பான். மூன்று வருஷத்துக்கு முன் தவக்காலத்தில் சந்தைக்குப் போன நூபியா, காலைக் கட்டிக் கூடையில் போட்டிருந்தவனின் கண்ணைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கட்டிலில் ரொஹேலியோவின் பக்கம் ஆர்த்துரோவின் பக்கமாகிவிட்டது. கட்டின புருஷன் தரையில் படுத்தான்.

தங்கையின் பிரசவத்துக்காக மனாகுவா போன நூபியா, பஸ் ஏறும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஆர்த்துரோவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் வர்றதுக்குள்ள நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடு."

இன்றைக்குச் சாயங்காலம் வருகிறாள்.

இத்தனைக்கும் அவள் போன பிறகு வீட்டில் ரொஹேலியோ செய்தது ஒரே ஒரு காரியம். லெயோன் நகரத்து வெயிலில் பள்ளிக்கூடச் சீருடைத் துணியெல்லாம் வியர்வையில் நனைகிறதே என்று, அவளுக்குச் சொல்லாமல் பழைய ஏசி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். அதன் காற்று நேராகத் திரைக் கம்பியின் மேல் போய் அடித்தது. அது குற்றமாக அவனுக்குத் தோன்றவில்லை. ஆர்த்துரோவும் சுகப்படட்டுமே என்றுதான் நினைத்தான்.

கால்நடை டாக்டருக்குப் போன் செய்தான்.

"மாடா, குதிரையா?"

"இகுவானா, டாக்டர். சளி பிடிச்சிருக்கு."

டாக்டர் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு, தான் ஒரு பண்ணையில் கன்றை வெளியே இழுத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ரொஹேலியோ முக்குக் கடைக்கு ஓடினான். கல்லாவில் மெல்வின் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மெல்வின், இகுவானா விஷயம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? அவசரம்ப்பா."

மெல்வினின் விசிறி நின்றது. "ஆர்த்துரோவுக்கா?"

"ஆமா. சாயங்காலம் நூபியா வர்றதுக்குள்ள முடிஞ்சாகணும்."

"கடைசில மனசைத் தேத்திக்கிட்டீங்களா, தையல்காரரே!" மெல்வின் அவன் தோளைத் தட்டினான். "இகுவானான்னா தோன்யா சொக்கோரோதான். அவங்களை அடிச்சுக்க ஊர்ல ஆளே கிடையாது. எங்க மாமா ஆஸ்பத்திரிலேர்ந்து எலும்பும் தோலுமா வந்தாரு. அவங்க குடுத்ததைக் குடிச்சுட்டு அடுத்த வாரமே கல்யாணத்துல ஆடினாரு. நம்பரை எழுதிக்குங்க."

கைராசிக்காரியின் நம்பரை ரொஹேலியோ உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டான்.

தோன்யா சொக்கோரோவின் குரலில் அதிகாரம் இருந்தது. பின்னால் ஏதோ உலக்கைச் சத்தம் கேட்டது. மருந்து இடிக்கிறாள் போல.

"எவ்வளவு பெரிசு, தம்பி?"

"வாலோட நிறுத்தினா என் நெஞ்சு வரைக்கும் வருவான், தோன்யா."

"அடேயப்பா! வீட்டுல எத்தனை பேரு?"

பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. "இப்ப நான் மட்டும்தான். மனைவி சாயங்காலம் வந்துடுவா."

"அதுக்குள்ள ஆயிடும். பயப்படாதீங்க."

"மூச்சுதான் ரொம்ப வாங்குது, தோன்யா."

"முதல்ல அப்படித்தான் வாங்கும். அப்புறம் தானா அடங்கிடும். இப்போதைக்கு ஒண்ணும் தின்னக் குடுக்காதீங்க. வயிறு காலியா இருக்கணும்."

இவ்வளவு நிதானமாகப் பேசுகிற வைத்தியரை ரொஹேலியோ அதுவரை பார்த்ததில்லை. ஆர்த்துரோவின் தட்டை எடுத்து ஒளித்துவைத்தான்.

ஆர்த்துரோ கம்பியிலிருந்து இறங்கினான். வெறும் தரையைப் பார்த்தான், ரொஹேலியோவைப் பார்த்தான். பிறகு நேரே ஜன்னலுக்குப் போய், நூபியா வருஷக்கணக்காக வளர்த்த செம்பருத்தியைப் பூ, மொட்டு, இலை என்று ஒன்று பாக்கியில்லாமல் மேய்ந்துவிட்டான். தடுக்கப்போன கையில் வாலால் ஒன்று போட்டான். இழுப்பு முன்னைவிட அதிகமாயிற்று.

"தோன்யா, செம்பருத்தியை முழுங்கிட்டான்!"

"பூவா? போகட்டும், உள்ளுக்குள்ள வாசமா இருக்கும். இப்ப வெதுவெதுன்னு தண்ணி வெச்சுக் கழுவுங்க. புளிப்பு ஆரஞ்சை ரெண்டாப் பிளந்து, கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் அழுத்தித் தேய்ங்க. அந்த வாடை போயிடணும்."

"தேய்ச்சா மூச்சு சரியாகுமா?"

"நீங்க ஏன் அதோட மூச்சையே நினைச்சுக்கிட்டிருக்கீங்க? நான் சொல்றதைச் செய்யுங்க."

செய்தான். குளியலறைக்குள் போன ரொஹேலியோ வேறு, வெளியே வந்த ரொஹேலியோ வேறு. முன்கை முழுக்கக் கீறல். ஒவ்வொரு கீறலிலும் ஆரஞ்சுச் சாறு. பிளாஸ்டிக் திரை கிழிந்து தொங்கியது, கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. ஆர்த்துரோ மட்டும் கமகமவென்று மணத்துக்கொண்டு ஓடிப்போய், ஈர உடம்போடு ஏசிக் காற்று அடிக்கும் கம்பியில் ஏறிப் படுத்துக்கொண்டான். இப்போது குமிழிகள் மூக்கின் இரண்டு துளையிலும் வந்தன.

"ஏண்டா, உன்னை நானா பெத்தேன்? எதுக்குடா என் உசிரை வாங்கறே?" என்று ரொஹேலியோ கத்தினான். ஆர்த்துரோ ஒரு கண்ணை மட்டும் மெல்ல மூடினான். அந்தக் கண் திறக்காமலே இருந்தது.

மறுபடியும் போன்.

"தோன்யா, கண்ணை மூடிட்டான்!"

"ரொம்ப நல்லது. பெரிய சட்டி இருக்கா? பூண்டு, வெங்காயம், புதினா, ஆரஞ்சு இலை எல்லாம் போட்டுத் தண்ணியை நல்லாக் கொதிக்க விடுங்க. தளதளன்னு கொதிச்சு ஆவி கிளம்பும்போது அதைத் தூக்கி—"

போன் ஊமையாகிவிட்டது. போனில் காசு தீர்ந்துவிட்டது. காசு போட மெல்வின் கடைக்கு ஓடினான். கடை பூட்டிக் கிடந்தது. வியாபார நேரத்தில் மெல்வின் கடையைப் பூட்டி ரொஹேலியோ பார்த்ததே இல்லை. இந்த உலகத்தில் ஆபத்துக்கு ஒரு மனுஷன் உதவமாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான்.

நல்லவேளை, மிச்சத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சளி பிடித்தால் ஆவி பிடிக்க வேண்டும். சின்ன வயதில் அம்மா அவனைப் போர்வைக்குள் போட்டு அமுக்கினது மறக்குமா? நூபியா போனதிலிருந்து கேஸ் தீர்ந்து கிடந்ததால், கரண்ட் அடுப்பைத் தையல் அறையிலேயே வைத்து, ஏசிக்குப் பக்கத்து பிளக்கில் சொருகினான். சட்டி கொதித்தது. ஆர்த்துரோவை மார்போடு அணைத்துக்கொண்டு, போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக் குனிந்தான்.

உள்ளே பூண்டு நெடி கண்ணைக் கரித்தது. ஆர்த்துரோ திமிறவில்லை. முன்னங்கால்கள் இரண்டையும் ரொஹேலியோவின் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவன் காதருகே ஸ்ஸ்ஸ் என்று இழுத்தான். நெஞ்சு படபடவென்று அடிப்பது ரொஹேலியோவின் நெஞ்சில் தெரிந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு நூபியாவின் பஸ் நினைவு வரவில்லை, அம்மா வீடு நினைவு வரவில்லை. இவன் சாகக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது.

"கட்டிலை நீயே வெச்சுக்கடா. எழுந்து வா, போதும்," என்றான்.

படார்!

பிளக்கிலிருந்து நீலமாக ஒரு பொறி. அடுப்பு அணைந்தது. ஏசி ஒரு முறை முனகிவிட்டு உயிரை விட்டது. கருகின வயரின் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது.

ரொஹேலியோ ஜன்னலைத் திறந்துவிட்டு, தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. லெயோனின் வெயில் கொட்டினாற்போல உள்ளே வந்தது. ஆர்த்துரோ ஊர்ந்து போய், வெயில் விழுந்த தையல் மெஷின் மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்தான். பொழுது சாயச் சாய இழுப்பு குறைந்தது. டக் சத்தம் நின்றது. வாய் மூடியது. கடைசியில் மூடியிருந்த கண்ணும் திறந்து, ரொஹேலியோவைப் பழைய அலட்சியத்தோடு பார்த்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"இது என்ன நாத்தம்?" நூபியா பையைக் கீழே போட்டாள். "என் செம்பருத்தி எங்கே? சுவத்துல இது என்ன பெட்டி? உன் கை ஏன் இப்படி இருக்கு?"

ரொஹேலியோ எல்லாவற்றையும் சொன்னான். பட்டினி, குளியல், ஆவி, ஏசி, எதையும் மறைக்கவில்லை. நூபியா அவனுடைய கீறல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஆர்த்துரோவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"மூணு வருஷமா உனக்கு இவனைக் கண்டாலே ஆகாதுன்னு நினைச்சிருந்தேன். இவனுக்காக இவ்வளவு பட்டிருக்கியே!"

"நான் என்ன செஞ்சேன்? எல்லாம் அந்த மகராசி தோன்யா சொக்கோரோ சொன்னது," என்றான் ரொஹேலியோ. மனைவி அவனைக் கட்டிப்பிடித்து எத்தனையோ காலமாயிற்று.

கதவை யாரோ தட்டினார்கள்.

வாசலில் ஏப்ரன் கட்டின குண்டு அம்மாள் ஒருத்தி, இடுப்பில் துணி போட்டு மூடின சூடான தொர்த்தியா ரொட்டிக் கூடையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் மெல்வின், அவன் மனைவி, அவன் மாமா. ஆளுக்கொரு கிண்ணம் கையில்.

"போன் பாதில கட்டாயிடுச்சு. சரி, நேர்லயே போய்ப் பார்த்துடலாம்னு கிளம்பி வந்தேன்," என்றபடி உள்ளே வந்த தோன்யா சொக்கோரோ, சட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு நூபியாவின் தோளைப் பார்த்தாள். கூடை நழுவப் பார்த்தது.

"என்ன தம்பி இது! கழுவுன்னு சொன்னேன், கொதிக்க வைன்னு சொன்னேன். முதல்ல கழுத்தைத் திருகணும்னு அதையுமா போன்ல சொல்லணும்?"